இடுப்பெலும்பு உடைந்தால்: கம்பியா, பிளேட்டா, ஸ்குரூவா?

வணிகர் இதழில் எலும்பு முறிவைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நம் தொழில் நடக்கும் விதத்தை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. சுரண்டையில் பொழுது புலருமுன்பே காய்கறி மூட்டைகள் இறங்கத் தொடங்கிவிடுகின்றன. கேரளத்துக்குச் சரக்கேற்ற வந்த லாரி இருட்டில் பின்னோக்கி வருகிறது. கிட்டங்கியில் அரிசி அட்டியின் உச்சியில் ஒருவர் வெறுங்காலோடு நிற்கிறார். பலசரக்குக் கடைக்காரர் மொபெட்டின் முன்னே ஒரு சிப்பமும் பின்னே இரண்டு சிப்பமுமாகத் தென்காசி சாலையில் வருகிறார். இந்த மூன்று பேருக்கும் உடையக்கூடிய எலும்புகளில் மிக ஆபத்தானது இடுப்பெலும்புதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நமக்குத் தெரிந்த லோடுமேன் ஒருவர் லாரிக்கும் சுவருக்கும் நடுவே சிக்கினார். வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "ஒன்றுமில்லை, உள்காயம்தான்" என்று நால்வர் அவருடைய கைகால்களைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தோம். தூக்கியவர்களில் நாமும் ஒருவர். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் அவர் முகம் வெளுத்து, நாடி தளர்ந்துவிட்டது. எப்படியோ உயிர் தப்பினார். ஆனால் அறுவைச் சிகிச்சைக்குப் பயந்து வீட்டார் அவரை அழைத்துவந்து, ஐந்து வாரம் எண்ணெய்க்கட்டில் படுக்க வைத்தார்கள். இன்று ஒரு கால் குட்டை, மூட்டை தூக்க முடியாது. அன்று நாம் செய்தவற்றில் எவையெவை தவறு என்று பிற்பாடு எலும்பு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குளியலறையில் வழுக்கி விழுந்த பெரியவருக்கு "இடுப்பு உடைந்துவிட்டது" என்கிறோம். பெரும்பாலும் அங்கே உடைந்திருப்பது இடுப்பெலும்பு அன்று, தொடையெலும்பின் மேல்முனை. அதற்குச் செய்யும் செயற்கை மூட்டு, தொடைக்குள் செலுத்தும் கம்பி ஆகியவை வேறு கணக்கு. தொடையெலும்பின் உருண்டை பொருந்தியிருக்கும் குழி உடைவதும் தனி வகை, அதற்கும் தனித் தேர்ச்சி வேண்டும். நாம் இங்கே பேசுவது 'பெல்விஸ்' எனப்படும் இடுப்பு வளையத்தைப் பற்றி மட்டுமே.

அது உண்மையிலேயே ஒரு வளையம். பின்னால் முதுகெலும்பின் அடியில் 'சேக்ரம்' என்னும் முக்கோண எலும்பு இருக்கிறது. அதன் இருபுறமும் அகன்ற இரண்டு எலும்புகள் கிளம்பி, முன்பக்கம் அடிவயிற்றின் கீழே வந்து சேருகின்றன. சேருமிடங்கள் மூன்று: முன்னே ஒன்று, பின்னே இரண்டு. மூன்றையும் தடித்த தசைநார்கள் கட்டி வைத்திருக்கின்றன. உடம்பின் பாரம் முழுவதும் பின்பக்கத்து இரண்டு இணைப்புகளின் வழியாகவே கால்களுக்கு இறங்குகிறது. முன்பக்கம் ஓர் இழுகட்டை போன்றது. ஆகையால் பின்பக்கம் கெட்டால்தான் வீடு சாயும்.

கண்ணாடி வளையலை நெரித்தால் ஒரே இடத்தில் மட்டும் உடைவது அரிது. இடுப்பு வளையமும் அப்படியே. எக்ஸ்ரேயில் முன்பக்கம் ஒரு முறிவு தெரிந்தால் பின்பக்கமும் எங்கோ விட்டிருக்கும் என்றே மருத்துவர் தேடுவார். சாதாரண எக்ஸ்ரேயில் அது மறைந்துவிடுவதுண்டு. அதனால்தான் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். "எக்ஸ்ரே எடுத்தாயிற்றே, இது எதற்கு வீண் செலவு" என்று நாம் வாதாட வேண்டிய இடம் இதுவன்று.

வளையத்தின் உட்புறம் ரத்தக்குழாய்கள் வலைபோலப் படர்ந்துள்ளன. வளர்ந்த ஒருவர் உடலில் உள்ள ரத்தம் ஏறத்தாழ ஐந்து லிட்டர். வளையம் உடைந்து விரிந்துவிட்டால், வெளியே ஒரு கீறலும் இல்லாமல் இதில் பெரும்பகுதி இடுப்புக்குள்ளேயே கொட்டிவிடக்கூடும். சிறுநீர்ப்பையும் சிறுநீர்க்குழாயும் அங்கேதான் இருக்கின்றன. கால்களுக்குப் போகும் நரம்புகளில் சில சேக்ரத்தின் துளைகள் வழியாக வெளிவருகின்றன. எலும்பு ஒட்டுமா என்ற கேள்வி இரண்டாவது. ஆள் பிழைப்பாரா என்பதே முதல் கேள்வி.

இனி, எப்படி உடைகிறது என்பதைப் பார்ப்போம். எந்தச் சிகிச்சை என்பது இதைப் பொறுத்தே அமையும். கனடாவில் டொரான்டோ நகரத்து மருத்துவர்கள் ஜார்ஜ் பென்னல், மார்வின் டைல் ஆகியோர் அடிபட்ட திசையைக் கொண்டு இம்முறிவுகளைப் பிரித்துக் காட்டினார்கள். டைல் 1980களில் அதை ஏ, பி, சி என்று ஒழுங்குபடுத்தினார். இன்றும் மருத்துவர் சீட்டில் இந்த எழுத்துகளைக் காணலாம்.

'ஏ' வகையில் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும், அல்லது முன்பக்கம் விரிசல் விட்டிருக்கும். வளையம் நிலையாகவே நிற்கும். இதற்கு அறுவைச் சிகிச்சை பொதுவாகத் தேவையில்லை. வலி மாத்திரை, சில நாள் ஓய்வு, பிறகு வாக்கர் பிடித்து நடை.

'பி' வகையில் வளையம் திருகிவிடும். ஆனால் பின்பக்கத்துத் தசைநார்கள் முற்றிலும் அறுந்திருக்காது. இதிலும் இரண்டு உண்டு. முன்னிருந்து அடி விழுந்தால் முன்பக்க இணைப்பு பிளந்து, இரண்டு எலும்பும் வெளிப்புறமாக விரியும். இதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர் நமக்குப் பிடித்தமானது: 'திறந்த புத்தகம்'. பேரேட்டை நடுவில் பிரித்து வைத்தாற்போல என்று பொருள். பக்கவாட்டில் அடி விழுந்தால் நேர்மாறாக ஒருபக்கம் உள்நோக்கி அமுங்கும். சாலை விபத்துகளில் அடிக்கடி காண்பது இந்த இரண்டாவது.

'சி' வகைதான் கொடியது. லாரிப் பாரத்தின் மேலிருந்து ஒரு காலில் விழும்போது, அந்தப் பக்கத்து எலும்பு முன்னும் பின்னும் அறுந்து மேல்நோக்கி ஏறிவிடும். பிரெஞ்சு மருத்துவர் மால்கேன் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை விவரித்துவிட்டார். கால் குட்டையாவது இதனால்தான். நம் லோடுமேனுக்கு ஏற்பட்டதும் இதுவே என்று பின்னர் அறிந்தோம்.

அறுவைச் சிகிச்சைக்குப் போகுமுன் முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அதுதான் நம் கையில் இருப்பது. மற்றதெல்லாம் டாக்டர் கையில். நசுங்கியவரோ உயரத்திலிருந்து விழுந்தவரோ இடுப்பில் வலி என்றால், எழுப்பி நிறுத்தாதீர்கள், உட்கார வைக்காதீர்கள். கைகால் பிடித்துத் தூக்கவே கூடாது. உள்ளே உறையத் தொடங்கிய ரத்தம் ஒவ்வோர் அசைவிலும் மீண்டும் பெருகும். உடைந்திருக்கிறதா என்று இடுப்பை அமுக்கியோ விரித்தோ பார்ப்பது அதைவிட மோசம். 108க்குச் சொல்லிவிட்டு, ஒரு போர்வையையோ இரட்டை வேட்டியையோ ஒரு சாண் அகலத்துக்கு மடித்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கடியில் இருக்கும் இடைவெளி வழியாக அதை நுழைத்து, மெல்ல மேலே நகர்த்தி, கட்ட வேண்டிய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

எங்கே கட்டுவது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். அரைஞாண் கட்டும் இடத்தில் அன்று. அதற்கும் கீழே, இருபக்கத் தொடைகளின் மேற்புறமும் எலும்பு புடைத்துத் தட்டுப்படும் இடத்தில், அதாவது கால்சட்டைப் பைக்குள் கையை விட்டால் விரல் நுனி தொடும் உயரத்தில் கட்ட வேண்டும். மேலே வயிற்றில் கட்டினால் பயனில்லை. கால்கள் சேர்ந்து நிற்கும் அளவுக்கு இறுக்கினால் போதும், கரும்பு பிழிவது போல் பிழிய வேண்டாம். பிறகு முழங்கால்கள் இரண்டையும் ஒரு துண்டால் சேர்த்துக் கட்டி, பாதங்களையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். விரிந்த பேரேடு மூடியதும் உள்ளே இடம் சுருங்குகிறது, ரத்தம் கொட்டுவதும் மட்டுப்படுகிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் 'பெல்விக் பைண்டர்' என்று விலைகொடுத்து வாங்கிவைத்திருக்கும் பட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது. கட்டியதை மருத்துவர் சொல்லும்வரை அவிழ்க்கக்கூடாது. குடிக்க எதுவும் தர வேண்டாம். சிறுநீர் வாயிலில் ரத்தம் தெரிந்தால் அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்நிலையில் சிறுநீர்க்குழாய் கிழிந்திருக்கலாம். சோதிக்காமல் டியூப் போடலாகாது.

இப்போது தலைப்புக்கு வருவோம். முன்காலத்தில் இம்முறிவுக்கு அறுவைச் சிகிச்சையே கிடையாது. இடுப்பைத் தூளி போன்ற துணியில் தொங்கவிட்டு, காலுக்கு எடை கட்டி, பல வாரங்கள் படுக்கையில் வைத்திருப்பார்கள். நிலையான முறிவுகள் அதிலேயே ஆறின. நிலையற்றவை கோணலாக ஒட்டின. படுக்கைப்புண்ணும், காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறுவதும் தனித் துன்பங்கள். எண்ணெய்க்கட்டும் கிட்டத்தட்ட இதே நிலைதான். வைத்தியர் மேல் குறையில்லை. வெளியே கட்டும் எந்தக் கட்டும் மேலேறிய எலும்பைக் கீழே இறக்கிப் பிடித்துவைக்காது.

முதல் முறை, வெளிக்கம்பி. 'எக்ஸ்டர்னல் ஃபிக்சேட்டர்' என்பது இதன் பெயர். இடுப்பின் இருபுற எலும்பிலும் தோல் வழியாகத் திருகு ஊசிகளைச் செலுத்தி, வயிற்றுக்கு முன்னால் வெளியே ஒரு கம்பிச் சட்டத்தால் இணைத்துவிடுவார்கள். இத்தகைய சட்டத்தை ஜெனீவா நகரத்து ரவூல் ஹாஃப்மன் 1938இல் வடிவமைத்தார். கைதேர்ந்தவர் அரை மணி நேரத்தில் போட்டுவிடுவார். பெரிய கீறல் இல்லை, ரத்தச் சேதமும் இல்லை. உயிருக்குப் போராடும் நோயாளிக்கும், வயிறு கிழிந்து அழுக்குப் பட்ட காயம் உள்ளவருக்கும் இதைவிட ஏற்றது வேறில்லை. குறை என்னவென்றால், இது முன்பக்கத்தை மட்டுமே பிடிக்கும். 'சி' வகையில் பின்பக்கம் அறுந்திருக்க, முன்னே கம்பி போட்டுவிட்டு "எல்லாம் சரியாகிவிட்டது" என்று இருந்தால், சில வாரங்களில் எலும்பு மீண்டும் மேலேறிவிடும். ஊசித் துளைகளில் சீழ் பிடிப்பதுண்டு. ஒருக்களித்துப் படுக்க முடியாது, கல்லாவில் குனிந்து உட்காரவும் இயலாது. பின்பக்கத்தை அவசரமாக இறுக்க, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர் கான்ஸ் 1991இல் 'சி-கிளாம்ப்' என்ற இடுக்கியை அறிமுகப்படுத்தினார். அதுவும் சில நாள் தாங்கலே தவிர முடிவான சிகிச்சையன்று.

இரண்டாவது, முன்பக்கப் பிளேட். திறந்த புத்தக முறிவில் முன்னிணைப்பு இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் பொதுவாக இதையே தேர்கிறார்கள். சிசேரியனுக்குப் போடுவது போன்ற கீறல் ஒன்று அடிவயிற்றில் போட்டு, எலும்புகளைச் சேர்த்து, உலோகப் பிளேட்டை ஸ்குரூ கொண்டு பூட்டுவார்கள். வெளிக்கம்பியைக் காட்டிலும் உறுதியானது. நோயாளி சில நாட்களிலேயே எழுந்து உட்காரலாம். ரத்த அழுத்தம் நிலைபெற்ற பிறகே செய்யத்தக்கது. சிறுநீர்ப்பையும் கிழிந்திருந்தால் தொற்று ஏறும் அபாயம் கூடுதல், அங்கே மருத்துவர் இருமுறை யோசிப்பார். மாதங்கள் கழித்து எக்ஸ்ரேயில் ஸ்குரூ தளர்ந்தோ பிளேட் முறிந்தோ தெரிந்தால் பதற வேண்டியதில்லை. அந்த இணைப்பு இயல்பாகவே சற்று அசையக்கூடியது. வலியில்லாவிட்டால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது, பின்பக்க ஸ்குரூ. நம் காலத்தில் பெரிய மாறுதலைக் கொண்டுவந்தது இதுதான். பிட்டத்தின் பக்கவாட்டில் விரல் நுனியளவு துளையிட்டு, அகன்ற எலும்பின் வழியாகச் சேக்ரத்துக்குள் நீண்ட ஸ்குரூ ஒன்றை ஓட்டி, பிரிந்த பின்னிணைப்பை இழுத்துப் பூட்டுகிறார்கள். பாரம் இறங்கும் இடத்தையே பிடிப்பதால் 'சி' வகைக்கு இது உயிர்நாடி. முன்பு முதுகுப்புறம் அகலத் திறந்து செய்யும்போது தோல் அழுகிப் புண்ணாகும் தொல்லை இருந்தது. 1990களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரவுட் முதலிய மருத்துவர்கள், 'சி-ஆர்ம்' எக்ஸ்ரேயில் பார்த்தபடியே தோல்வழியாக இதைச் செய்யும் வகையைப் பரப்பினார்கள். ரத்தச் சேதம் மிகக் குறைவு. ஆனால் ஸ்குரூ போகும் வழி குறுகல். ஒருபக்கம் நரம்புத்துளை, மறுபக்கம் ரத்தக்குழாய்கள். சில மில்லிமீட்டர் பிசகினால் நரம்பு அடிபட்டுப் பாதம் தொங்கிவிடக்கூடும். நோயாளி மிகப் பருமனாகவோ குடலில் காற்று நிறைந்தோ இருந்தால் படம் தெளிவாகத் தெரியாது. ஆகவே இங்கே துளை சிறிது, தேர்ச்சி பெரிது. "சின்ன ஓட்டைதானே" என்று எவரிடமும் செய்துகொள்ளத்தக்கதன்று.

சேக்ரமே நொறுங்கிப்போனால் ஒரு ஸ்குரூ பிடிக்காது. அப்போது இடுப்புக்கு மேலுள்ள முதுகெலும்பில் ஸ்குரூ போட்டு, அங்கிருந்து இடுப்பெலும்புக்குத் தண்டுகளால் பாலம் அமைப்பார்கள். எல்லாவற்றிலும் உறுதியானது, எல்லாவற்றிலும் பெரிய அறுவையும் இதுவே. புண் ஆறுவதில் சிக்கல் நேர்வதுண்டு. மெலிந்த உடம்பில் உலோகம் தோலுக்கடியில் துருத்தி, மல்லாந்து படுக்க வலிக்கும்.

அண்மைக் காலத்தில், ஏறத்தாழ 2009க்குப் பின், 'இன்ஃபிக்ஸ்' என்ற ஒன்றும் வந்துள்ளது. வெளிக்கம்பியையே தோலுக்கடியில் புதைத்து வைப்பதாக எண்ணிக்கொள்ளலாம். சீழ்த்துளை இல்லை, சட்டை மாட்டலாம், பருமனானவர்களுக்கும் பொருந்தும். ஆனால் தொடையின் வெளிப்புறத்தில் சிலருக்கு மரமரப்பு உண்டாகிறது. சில மாதங்கள் கழித்து மற்றோர் அறுவையில் கழற்றியாக வேண்டும். அந்த இரண்டாவது செலவை முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது நம் வியாபாரப் புத்திக்குத் தோன்றுவது.

ஆக, கம்பியா, பிளேட்டா, ஸ்குரூவா என்ற கேள்விக்கு விடை விலையில் இல்லை. பின்பக்கம் நிலையாக இருந்தால் முன்னே ஒன்று போதும். பின்பக்கமும் அறுந்திருந்தால் முன்னும் பின்னும் இரண்டும் வேண்டும். முதல் நாள் வெளிக்கம்பி, ஒரு வாரத்தில் அதைக் கழற்றி உள்ளே பிளேட்டும் ஸ்குரூவும் என்று இருமுறை செய்வது ஏமாற்று வேலையன்று, முறையான சிகிச்சையே. மருத்துவரிடம் "எது விலை அதிகம், அதையே போடுங்கள்" என்று சொல்லும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அதைவிட, "பின்பக்கம் நிலையாக இருக்கிறதா? இந்த அறுவையை இங்கே அடிக்கடி செய்கிறீர்களா?" என்று இரண்டு கேள்வி கேட்பது மேல். நல்ல மருத்துவர் இதற்கு வருத்தப்படமாட்டார்.

நாள் கடத்துவதுதான் கூடாது. உடல் தேறியபின் சில நாட்களுக்குள் செய்துவிடுவது எளிது. மூன்று வாரம் தாண்டினால் கோணலாகவே ஒட்டத் தொடங்கிவிடும். பிறகு அதைப் பிரித்துச் சேர்ப்பது மருத்துவருக்கே மலைப்பு. நம் லோடுமேன் இழந்தது இந்த மூன்று வாரத்தைத்தான்.

நம் ஊரிலிருந்து தென்காசி அரசு தலைமை மருத்துவமனை அருகில். ரத்தம் ஏற்றி உயிரை நிலைநிறுத்த முதலில் அருகிலுள்ள இடமே சரி. முடிவான அறுவைக்குப் பாளையங்கோட்டையில் 1965 முதல் இயங்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ அனுப்பக்கூடும். அந்தப் பயணத்திலும் இடுப்புக்கட்டு இருக்க வேண்டும். சாலை விபத்தானால், 18.12.2021 அன்று தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும், வெளிமாநில லாரி டிரைவருக்கும்கூட இது உண்டு. 2012 முதல் நடைபெறும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வருமான வரம்புக்கு உட்பட்டது. நம்மில் சிறுகடைக்காரர் பலர் தகுதியிருந்தும் அட்டை எடுக்காமல் இருக்கிறார்கள். லோடுமேன்களுக்கும் எடுத்துக்கொடுக்கலாம். அட்டியிலிருந்து விழுவது சாலை விபத்தாகாதே!

அறுவைக்குப் பின் அடிபட்ட பக்கத்தில் எடை வைக்க ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை வாக்கர் அல்லது அக்குள் கட்டை. ரத்தம் உறையாமலிருக்க ஊசியோ மாத்திரையோ தருவார்கள், அதை நடுவில் நிறுத்தலாகாது. சிறுநீர் கழிப்பதிலும் தாம்பத்தியத்திலும் சிலருக்குக் குறை நேரும். வெட்கப்பட்டு மறைக்கிறார்கள், சொன்னால் அதற்கும் சிகிச்சை இருக்கிறது. இளம்பெண்களுக்கு இம்முறிவு ஏற்பட்டால் பிற்பாடு பிள்ளைப்பேறு தடைப்படுவதில்லை. பிரசவத்துக்கு முன் எக்ஸ்ரே, அறுவை விவரங்களைப் பெண் மருத்துவரிடம் காட்டினால் போதும்.

உள்ளே போட்ட உலோகத்தைக் கழற்ற வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வெளிக்கம்பியும் இன்ஃபிக்ஸும் கழற்ற வேண்டியவை. பிளேட்டும் பின்பக்க ஸ்குரூவும் தொல்லை தராதவரை ஆயுள் முழுதும் கிடக்கலாம். வளைகுடாவுக்குப் போய்வரும் அன்பர்கள் விமான நிலையச் சோதனையில் மணி அடித்தால் காட்டுவதற்கு, டிஸ்சார்ஜ் சீட்டின் நகலொன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்வது வசதி.